காட்பாடியில் தயாராகும் பெர்கின்ஸ் பிரெய்லர்: ஒரு தமிழாசிரியரின் மதிப்பீடு

புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் முறையில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவை, தாளைப் பொருத்திக் குத்துவதற்கான துளைச் சட்டமாகிய பிரெய்ல் சிலேட்டும் எழுத்தாணியும்தான். புள்ளிகள் தாளின் மறுபுறம் புடைப்பதால், அதில் வலப்புறம் தொடங்கி இடப்புறமாக, ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். குத்தியது சரிதானா என்று தெரிந்துகொள்ளத் தாளைக் கழற்றிப் புரட்டித் தடவிப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அதே தாளை அதே வரியில் மீண்டும் பொருத்துவதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். வாலாஜாபேட்டைக்கு அருகில் பார்வையற்ற தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்த பிறகு, பாடக்குறிப்புகளை இவ்வாறு குத்தி மாளாமல்தான் பிரெய்லைத் தட்டச்சு செய்யும் கருவியான பெர்கின்ஸ் பிரெய்லரை வாங்கினேன். நாள்தோறும் அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இக்கருவியில் மின்சாரத்துக்கு வேலையில்லை. நடுவில் இடைவெளி விசை. அதன் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என, ஒரு பிரெய்ல் கட்டத்தில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள். இரு ஓரங்களில் அடுத்த வரிக்குச் செல்ல ஒன்றும் ஒரு கட்டம் பின்னால் வர ஒன்றும் உள்ளன. ஓர் எழுத்துக்குரிய விசைகளையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்த எழுத்து முழுதாகத் தாளின் மேற்புறத்தில் புடைத்து நிற்கும். இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே விரலால் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரும்பேறு. தாள் ஒன்றுக்கு 25 வரிகள், வரிக்கு 42 கட்டங்கள். வரி முடியப்போகிறது என்பதை ஒரு சிறு மணி அறிவிக்கும்.

'தமிழ்' என்ற சொல்லை இதில் எழுத ஐந்து அழுத்தங்கள் போதும்: த, ம, இகரக் குறி, புள்ளி, பிறகு ழ. பிரெய்லில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். கொம்பும் காலும் எழுத்தைச் சூழ்ந்து நிற்காமல் உயிர் எப்போதும் மெய்யைத் தொடர்ந்தே வரும். இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. இந்திய மொழிகளுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத பல பிரெய்ல் முறைகள் புழங்கிவந்த நிலையில், 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியை நாடியது. 1951-இல் பெய்ரூட்டில் நடந்த மாநாட்டை ஒட்டி 'பாரதி பிரெய்ல்' என்னும் பொதுமுறை உருவாயிற்று. அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள, பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து, இரண்டாம் உலகப் போரினால் தள்ளிப்போன இந்தப் பிரெய்லரும் அதே 1951-இல்தான் உற்பத்திக்கு வந்தது.

அது காட்பாடிக்கு வந்து சேர்ந்த கதை எங்கள் வட்டாரத்தின் கதை. வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் விரியச் செய்தார். ஆனால் விரிந்த கைக்கு வேலை தர ஊரார் முன்வரவில்லை. 1963-இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் காட்பாடியில் தொழுநோயிலிருந்து மீண்டோருக்காக ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கியது. பிற்பாடு அது வொர்த் டிரஸ்ட் ஆயிற்று, பலவகை மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை தந்தது. அங்குதான் பெர்கின்ஸ் பிரெய்லர் தயாராகிறது. தொடுவுணர்வை இழந்த கைகளுக்காகத் தொடங்கிய கூடத்திலிருந்து, தொட்டுப் படிப்பவர்களுக்கான கருவி வெளிநாடுகளுக்கும் போகிறது. இதை எண்ணும்போதெல்லாம் விசைமேல் என் விரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007-இல் அதற்கு ஏற்புறுதி அளித்தது. அதன் 32-ஆவது பிரிவு பன்னாட்டு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுகையில், துணைக்கருவிகளைப் பகிர்வதையும் தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தருவதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கருவியைக் கப்பலில் அனுப்பிவிட்டுக் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்வதை நான் ஒத்துழைப்பில் சேர்ப்பதில்லை. செய்யும் வித்தையும் ஊரிலேயே தங்கியதால், என் கருவியில் ஒரு விசை தளர்ந்தால் அதைச் சீர்செய்யத் தெரிந்த கைகள் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

குறை என்று பார்த்தால் எடை. ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான உலோகப் பெட்டியை நெரிசலான நகரப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போவது எளிதன்று. ஓசையும் உண்டு. ஒருமுறை என் மாணவி ஒருத்தி இதை எடுத்துக்கொண்டு ஒரு தேர்வு மையத்துக்குப் போனாள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி உள்ளே விட மறுத்துவிட்டார்கள். தனி அறை கேட்டதற்கு, "அதெல்லாம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்மா" என்று பதில் வந்தது. பன்னாட்டு ஒத்துழைப்பு எவ்வளவு கிடைத்தாலும் ஒவ்வோர் அரசும் தன் கடமையிலிருந்து விடுபடாது என்று அதே 32-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதி கூறுகிறது. பாஸ்டனையும் ஸ்வீடனையும் கடந்து வந்த கருவி எங்கள் மாவட்டத்து வாசற்படி ஒன்றைத் தாண்ட முடியாமல் நின்றது.

கைப்பேசியே எல்லாவற்றையும் படித்துக்காட்டும்போது இது எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கைப்பேசியை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் குரல் 'மனம்' என்கிறதா 'மணம்' என்கிறதா என்று வகுப்பில் பிழை திருத்த முடியாது. பிரெய்லில் னகரத்துக்கு 5, 6 என இரண்டே புள்ளிகள். ணகரத்துக்கு 3, 4, 5, 6 என நான்கு. விரல் ஒருபோதும் குழம்பாது. காதால் மட்டும் கற்ற பிள்ளைகள் லகர ளகர ழகரங்களில் தடுமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்; ஆறு மாதம் பிரெய்லர் தட்டியவர்களிடம் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிடுகிறது.

வாங்க விரும்புவோர், சாதாரண வெள்ளைத் தாளை இதில் போட வேண்டாம். புள்ளிகள் ஓரிரு வாசிப்பிலேயே அமுங்கிவிடும், கெட்டியான பிரெய்ல் தாளே வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது தட்டிப் பாருங்கள். 3, 6 ஆகிய புள்ளிகள் மோதிர விரல்களுக்கு உரியவை. அந்த விரல்களுக்கு வலு ஏற எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.