குடிநோய் வார்டு ரிவ்யூ, 5க்கு 3.5

மதுரைப் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேரு வேணாம். சித்தப்பாவுக்கு குடிக்காத அன்னைக்கும் கண்ணு ஆடுது, கால அகட்டி வச்சு தள்ளாடுறாரு, என்ன கிழமைன்னு கேட்டா முழிக்கிறாருன்னு கூட்டிட்டுப் போனோம். டூட்டி டாக்டர் பாத்த ஒடனே இது வெர்னிக்கேங்கிற மூளை நோய் மாதிரி இருக்கு, வைட்டமின் பி1 அதாவது தயமின் கொறஞ்சா மூளையே அடிவாங்கும்னு சொல்லி, குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே தயமின நரம்புல போட்டாங்க, மாத்திரை ஏன் வேணாம்னா வருஷக்கணக்கா குடிக்கிறவங்களுக்கு குடல் அத சரியா உறிஞ்சாதாம். இதுக்கே முழு மார்க்.

கண்ணு சீக்கிரம் சரியாச்சு, நடை மெதுவா தேறுது. ஞாபகம்தான் வரல, கோர்சகாஃப்னாங்க, அதே தயமின் கொறையால வர்ற மறதி நோயாம். காலைல என்ன சாப்ட்டீங்கன்னா கல்யாண வீட்டு பந்தின்னு பாயசம் வரைக்கும் சொல்றாரு, பொய் இல்லீங்க, மூளை காலி எடத்த அதுவா நெரப்பிக்குதுன்னு நர்ஸம்மா பொறுமையா வெளக்குனாங்க, தங்கமான மனுஷி.

மைனஸ்னா கவுன்சிலிங். எல்லாத்தையும் அவர்கிட்டயே சொல்லி அனுப்புறாங்க, அவருக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்? வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே உக்காருங்க. பில்லும் கொஞ்சம் கூடத்தான், கேன்டீன் பக்கம் போயிடாதீங்க.