மருந்தடிக்கும் கைக்குச் சான்று: இந்தியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும்

பூச்சிமருந்து அடிப்பவரிடம் சான்று கேட்கும்போது, இந்தியச் சட்டம் அவர் அதைத் தொழிலாகச் செய்கிறாரா என்று முதலில் பார்க்கிறது. அமெரிக்கச் சட்டம் மருந்து எவ்வளவு கொடியது என்று பார்க்கிறது.

1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, கட்டணம் வாங்கிப் பூச்சி ஒழிக்கும் நிறுவனம் உரிமம் பெற, வேளாண்மையிலோ வேதியியலைப் பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்று, மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி முடித்தவர் வேண்டும். அதே சட்டத்தின் 38ஆம் பிரிவோ, ஒருவர் தம் சாகுபடி நிலத்தில் மருந்து பயன்படுத்துவதை அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே டப்பாவில் மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும் சிவப்பு முக்கோணமே இருந்தாலும், முதுகில் தெளிப்பானைச் சுமப்பவரிடம் எவரும் சான்று கேட்பதில்லை. சட்டம் கல்வித் தகுதி கேட்பது மருந்து விற்கும் கடைக்காரரிடம்தான். நடைமுறையில் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று சொல்பவரும் அவரே. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் நஞ்சேறி இறந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

அமெரிக்காவில் சாதாரண மருந்தைத் தம் நிலத்தில் அடிக்கச் சான்று வேண்டாம். அபாயம் மிகுந்ததென்று 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாடு' என வகைப்படுத்திய மருந்தானால், சொந்த நிலத்து விவசாயியும் சான்று பெற வேண்டும். அவர் தேர்வு எழுதலாம் அல்லது பயிற்சியில் சேரலாம். கட்டணம் வாங்கிப் பிறர் நிலத்தில் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்குத் தேர்வு கட்டாயம். 2017இல் திருத்திய கூட்டரசு விதிகள் 18 வயதைப் பொதுவான கீழ்வரம்பாகவும், 5 ஆண்டைச் சான்றின் உச்சக் காலமாகவும் வைத்தன. ஓட்டை இங்கும் உண்டு: சான்று பெற்றவரின் மேற்பார்வையில் சான்றற்ற கூலியாள் அடிக்கலாம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மட்டும் அந்தச் சலுகையும் இல்லை. சான்று உள்ளவரே தனிப் பயிற்சி பெற்று அடிக்க வேண்டும். அதே களைக்கொல்லியை, அதற்குத் தடை இல்லாத இந்திய மாநிலங்களின் உரக்கடைகளில் சான்றின்றி வாங்கலாம்.

என் கணிப்பில் மருந்தின் கொடுமையை அளவுகோலாக்குவதே சரி. எனினும் சிறு நிலங்கள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில் ஒவ்வோர் உழவரையும் தேர்வுக்கு அழைப்பது நடவாத காரியம். ட்ரோனில் மருந்து தெளிப்பவருக்கு, அவர் மருந்துத் தூவலிலிருந்து விலகி நின்றாலும், ட்ரோன் இயக்கும் சான்று கேட்கும் அரசு, சிவப்பு முக்கோண மருந்தைக் கூலிக்கு அடிப்பவருக்காவது ஒரு குறும்பயிற்சிச் சான்றை முதலில் கொண்டுவரலாம்.