படுக்கும் நேரமா, எழும் நேரமா: எதைக் கறாராகப் பிடிப்பது?

பிள்ளைகளின் தூக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு வழி சொல்வார்கள். இத்தனை மணிக்கு விளக்கை அணைத்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. எப்போது படுத்தாலும் சரி, காலையில் இன்ன நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. வளர்ந்த பிள்ளைக்கு நான் எடுத்தது இரண்டாவது, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

எவ்வளவு தூங்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8–10 மணி நேரம். படுக்கையறைக்குள் போன் வேண்டாம், மாலைக்கு மேல் காபி வேண்டாம் என்பதெல்லாம் எந்த வழிக்கும் பொது.

சின்னக் குழந்தைக்குப் படுக்கும் நேரத்தைப் பிடிப்பதே போதும் என்று நினைக்கிறேன். இரவு சீக்கிரமே கண் சொருகிவிடும், காலையில் தானாகவே எழுந்துவிடும். பதின்ம வயதில் கதை வேறு. தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பதே தள்ளிப்போகிறது, பகல் முழுக்க விழித்திருந்தாலும் தூக்கக் கிறக்கம் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஒன்பது மணிக்கே படு என்றால் படுக்கும், ஆனால் தூங்காது, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நம்மேல் கடுப்பாகும். தூங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, எழுப்பிவிட முடியும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது சனி, ஞாயிறு. படுக்கும் நேரத்தை மட்டும் பிடிக்கிற வீட்டில் விடுமுறைக் காலை அவிழ்த்துவிட்ட மாதிரிதான்: பதினொரு மணிக்கு எழுந்த பிள்ளைக்கு ஞாயிறு இரவு பத்து மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? உடம்புக் கடிகாரம் இரண்டே நாளில் பின்னால் நகர்ந்துவிடும், திங்கள் காலை வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவன் போல முழிக்கும் (இதற்குச் சோஷியல் ஜெட்லாக் என்றே பெயர்). எழும் நேரத்தைப் பிடித்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. விடுமுறையில் அதிகம் போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம், அதற்கு மேல் இல்லை. எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்துக்கு அனுப்புங்கள், காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். பாக்கித் தூக்கத்தை மதியம் அரை மணி நேரக் குட்டித் தூக்கத்திலோ இரவு முன்னதாகப் படுத்தோ தீர்த்துக்கொள்ளட்டும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் சில நாள் தூக்கம் குறைந்து எரிந்து விழும், எனவே கால் மணி கால் மணியாகத்தான் நகர்த்த வேண்டும். பள்ளியே அதிகாலையில் தொடங்கினால் எந்த வழியும் பாதிதான் உதவும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-இலேயே பதின்ம வயதினரின் பள்ளி 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது, கலிஃபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே ஆகிவிட்டது. காய்ச்சல் நாளில் எந்த விதியும் வேண்டாம். போதுமான நேரம் தூங்கியும் பகலில் சொக்கி விழுகிறது, தினமும் குறட்டை வேறு என்றால் அது டாக்டரிடம் காட்ட வேண்டியது, அலாரத்தால் தீராது. அப்புறம், இதைப் பரீட்சை வாரத்தில் மட்டும் தொடங்காதீர்கள்.