விஞ்ஞான வகுப்பில் போனும் ரீவியும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். புறொஜெக்ரர், ரீவி, லப்டொப், போன், இணைய வீடியோ எல்லாவற்றையும் பல வருடங்களாக வகுப்பில் பாவித்து வருகிறேன். “பள்ளிக்கூடத்துக்கு என்ன வாங்கித் தரலாம்?” என்று பழைய மாணவர்களும், “எதை வைத்துத் தொடங்கலாம்?” என்று புதிதாக வந்த ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து உதவி வரும்போது முதலில் வந்து இறங்குவது புறொஜெக்ரர்தான். நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வகுப்பறைகள் பல அரைச்சுவரும் மேலே கம்பிவலையும் கொண்டவை. காற்றோட்டத்துக்கு அதைவிட நல்லது இல்லை. காலை பத்து மணிக்குப் பிறகு அதே வலையால் வெயிலும் உள்ளே வரும், 3000 லூமென் வெளிச்சமுள்ள புறொஜெக்ரரின் படமும் வெளிறிப் போகும். யன்னல் இல்லாத இடத்தில் திரைச்சீலையை எங்கே கட்டுவது? கரண்ட் பிரச்சினையும் இருக்கிறது. குமிழ் வைத்த புறொஜெக்ரர் சூடாக இருக்கும்போது கரண்ட் நின்றால் உள்ளே விசிறியும் நின்றுவிடும், குமிழின் ஆயுள் குறையும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சில்லு வைத்த மேசையில் ஏற்றிய 43 அங்குல ரீவி அதைவிட எவ்வளவோ மேல். வெளிச்சத்திலும் தெரியும், போட்ட உடனே வேலை செய்யும், பக்கத்து வகுப்புக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்பதுதான் குறை. அதனால் அதில் படம்தான் காட்டுவேன், குறிப்பு எப்போதும் கரும்பலகையில். மாரியில் இடி முழங்கினால் ரீவியை நிற்பாட்டுவது மட்டும் போதாது, வயரையே கழற்றிவிட வேண்டும்.

இந்த ரீவிக்கு நான் கண்ட மிகப் பெரிய பயன் நுணுக்குக்காட்டிப் பாடம். ஒரு நுணுக்குக்காட்டி, நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கும். “தெரியுதா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் “ஓம் ரீச்சர்” என்று சொல்லும். கொப்பியில் கீறச் சொன்னால் சில பிள்ளைகள் தங்கள் கண்மயிரையே கீறியிருக்கும், சில பிள்ளைகள் புத்தகத்துப் படத்தை அப்படியே கீறியிருக்கும். உண்மையில் என்ன தெரிந்தது என்று அறிய எனக்கும் வழியில்லை.

இப்போது பார்வைத்துண்டுக்கு மேலே போனைப் பொருத்தி, அதைக் கேபிளால் ரீவியில் இணைத்துவிடுகிறேன். எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தில் உரித்த மெல்லிய தோல், ஒரு சொட்டு அயடீன். சுவரில் கல் அடுக்கியதுபோலக் கலங்கள் திரையில் வரும்போது வகுப்பு ஒருமுறை மூச்சை இழுக்கும். ஆனால் பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரியும் ஒன்றைக் காட்டி, “அதுதான் கரு” என்று ஒரு பிள்ளை சொல்லும். “இல்லை, அது கலத்தைவிடப் பெரிசு, அது எப்பிடி உள்ளுக்கை இருக்கும்?” என்று இன்னொரு பிள்ளை எழும்பும். அது கண்ணாடிக்குக் கீழே மாட்டிய வளிக்குமிழி. இந்தச் சண்டை எல்லாரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வரும். வயர் இல்லாமல் படத்தை அனுப்பவும் முடியும், ஆனால் படம் பிந்தி வரும். வழுக்கியை நகர்த்தும் பிள்ளைக்குக் கை ஒன்று செய்ய, திரை வேறொன்று காட்டும். கேபிள்தான் நல்லது. எல்லாப் போனும் கேபிள் வழியாகப் படம் அனுப்பாது, வாங்க முன் கடையிலேயே இணைத்துப் பாருங்கள்.

வீடியோவைப் பொறுத்தவரை என் எண்ணம் உறுதியானது: சத்தத்தை நிற்பாட்டிவிட்டுத்தான் போட வேண்டும். யூடியூபில் தமிழில் கிடைக்கும் விஞ்ஞான வீடியோக்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை. நல்லவை நிறைய உண்டு. ஆனால் அங்கே ஆக்சிஜன், திசு, ஒளிச்சேர்க்கை என்பார்கள், எங்கள் பிள்ளை சோதனையில் ஒட்சிசன், இழையம், ஒளித்தொகுப்பு என்று எழுத வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் நான் எங்கள் பாடநூலின் சொல்லில் சொல்லிக்கொண்டு போகலாம். இன்னொரு பெரிய வசதி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இதயத்தின் வால்வு மூடுகிற கணத்தில் நிறுத்தி, “இப்ப குருதி எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டால் இரண்டு நிமிட வீடியோ அரைமணி நேரப் பாடமாகிவிடும். இருபது நிமிட வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். அந்த அமைதியைப் படிப்பு என்று நான் எண்ணுவதில்லை. அப்புறம், வீட்டிலேயே இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். வகுப்பில் சிக்னலை நம்ப முடியாது.

இணையம் இல்லாமலே ஓடுகிற இன்னொன்று, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமியூலேசன்கள், அதாவது கொம்பியூட்டர் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள். 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. இலவசம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் அதிகம் பாவிப்பது மின்சுற்று. இரண்டு குமிழைத் தொடராக இணைத்து, ஆளியைப் போட முன் எது கூடப் பிரகாசிக்கும் என்று கை உயர்த்தச் சொல்வேன். “முதல் குமிழ்தான், அது மின்னைப் பாவிச்ச பிறகுதானே மற்றதுக்குப் போகும்” என்று பாதி வகுப்பு சொல்லும். திரையில் இரண்டும் ஒரேயளவு எரியும். அதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த பாடவேளையில் கடையில் வாங்கிய இரண்டு ரோச் குமிழ், மின்கலம், வயர் கொடுத்துச் செய்யவிட வேண்டும். இங்கே இரண்டும் சரியாக ஒரேயளவு எரியாது, ஏனென்றால் கடைக் குமிழ்கள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பதில்லை. “அப்ப கொம்பியூட்டர் பொய் சொன்னதா?” என்று கேட்பார்கள். குமிழ்களை இடம் மாற்றிப் போடச் சொன்னால் காரணத்தைத் தாங்களே பிடித்துவிடுவார்கள். சிமியூலேசனை மட்டும் காட்டிவிட்டு விடும் வகுப்புக்கு இந்தக் கேள்வியே கிடைக்காது.

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது ஸூமும் வாட்ஸ்அப்பும் கைகொடுத்தன. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் ஸூம் பலருக்கு எட்டவில்லை. வாட்ஸ்அப் குரல்பதிவு எட்டியது, டேற்றாவும் குறைவாகத்தான் போகும். இன்றும் அதை விடவில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை வீட்டிலிருந்து அழகாக விளக்கி அனுப்புகிறது.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். அதில் அடித்த பாடக்குறிப்பை, அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். எல்லாவற்றையும் யூனிகோட்டில் அடியுங்கள். பழையதை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அரசின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடநூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன, தனியே ஸ்கான் எடுக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அடர்த்திப் பாடத்தில், சாயம் கலந்த உப்புத்தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, இரண்டும் கலக்காமல் நிற்பதைப் பிள்ளைகள் போனில் பக்கவாட்டாகப் படம் எடுத்தார்கள். பிறகு புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் பேச்சுக்கு எடுத்தேன். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீரும் அப்படித்தான், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறும், கிணறு சவராகும்.

அந்தக் காலத்தில் கிணற்றில் எப்படித் தண்ணீர் இறைத்தார்கள் என்று, அன்று பின்னேரம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் போனில் பதிந்து வரச் சொன்னேன். ஒரு பிள்ளையின் அம்மப்பா, தண்ணீர் இறைக்கும் மிசின் வர முன் துலா மிதித்து இறைத்த காலத்தைச் சொல்லியிருந்தார். “அப்ப கை நோகும், ஆள் நிப்பான், கிணறும் ஊறும். மிசினுக்கு எங்கை நோகுது?” இந்த ஒரு குரலைப் போட்டுக் காட்டிய பிறகு நான் விளக்க வேண்டிய பகுதி மிகவும் குறைந்துவிட்டது. பிள்ளைகளின் முகம் வரும் பதிவுகளை முகநூலில் போடுவதில்லை, பாடசாலை ஹார்ட் டிஸ்கில் ஊர்ப்பெயர் போட்டுச் சேமித்து வைக்கிறோம். புத்தூர், நீர்வேலி, உரும்பிராய்ப் பதிவுகள் சேர்ந்துவிட்டன. தீவகப் பக்கம்தான் இன்னும் இல்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் சொந்தக்காரர் இருக்கும் பிள்ளைகளிடம், அங்கே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு எப்படி இடம் பார்த்து வெட்டினார்கள் என்று அடுத்த தவணை விடுமுறையில் கேட்டுப் பதிந்து வரச் சொல்லியிருக்கிறேன்.