செந்தூல் ஒட்டுக்கடை: தோசை சுமார், தற்காப்பு முதல்தரம்

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வருவீர்கள். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நல்ல திக்காக இருக்கும். சீனியைக் குறைக்கச் சொன்னால் உண்மையிலேயே குறைக்கிறார்கள். கோலாலம்பூரில் அது சாதாரண விஷயமில்லை. ரொட்டி சானாயை (பரோட்டா மாதிரி) காலை 8 மணிக்குள் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் போட்டு அடுக்கி வைத்ததுதான் தட்டுக்கு வரும், பிய்ப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். தோசை சுமார். மாவு புளிப்பதற்குள் ஊற்றிவிடுகிறார்கள், தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் அதிகம். வாழையிலையில் மடித்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மட்டும் தப்பாமல் வாங்குங்கள். அதோடு வரும் நெத்திலி சம்பாலில் (மிளகாய்த் தொக்கு) வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கியிருக்கிறார்கள், எண்ணெய் பிரிந்து தனியாக நிற்கும்.

கடை செந்தூலில், பழைய ரயில்வே பட்டறைப் பக்கம். தகரக் கூரை போட்ட ஒட்டுக்கடை. பெயர்ப்பலகை என்று ஒன்று மாட்டியிருக்கிறது, வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. கேட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கை காட்டுவார்கள். மின்விசிறி ஓடும். கழிவறை இருக்கிறது; இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தோசை சுமார் என்றால் எதற்கு இவ்வளவு பெரிய விமர்சனம் என்று கேட்பீர்கள். பின்மேசைக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற நாலைந்து பெரியவர்கள் அந்த மேசைக்கு வருவார்கள். ரயில்வேயில் இருந்தவர்கள், தபால் நிலையத்தில் இருந்தவர்கள். எல்லோருக்கும் 70 தாண்டிவிட்டது. அரசியல் பேசினால் பத்து நிமிடத்தில் சலித்துப்போகும், பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் அதைவிடச் சீக்கிரம். பிறகு பந்து, அதாவது கால்பந்து. பந்து என்றால் இங்கே நாட்டுக்காகக் கோல் குவித்த மொக்தார் டஹாரிகூட இரண்டாவதுதான். முதலிடம் சந்தோக் சிங்குக்கு. தேசியக் குழுவுக்கும் சிலாங்கூர் மாநிலத்துக்கும் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர். எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் மெர்டேக்கா அரங்கத்தில் எதிரணியின் முன்வரிசைக்கு வயிற்றைக் கலக்கிய மனிதர்.

நான் கல்யாணம் செய்து செந்தூலுக்கு வந்த பினாங்குக்காரி. பந்து என்றால் எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் பின்மேசைப் பேச்சு காதில் விழுந்தால் சும்மா தோசையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோக முடியவில்லை. இப்போது நான் போனால், “வாம்மா பினாங்கு” என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.

ஒரு ஆட்டத்தை அவர்கள் நடத்திக் காட்டும் அழகைப் பார்க்க வேண்டும். 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம், மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் முடிவாட்டம், எதிரில் தென்கொரியா. சீனி டப்பாதான் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கிய நீளக் கைக்காரர் என்பதால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரண்டியைச் சாய்த்து வைப்பார்கள். உப்பு டப்பா, கேப்டன் சோ சின் ஆன், ஊரே ‘தவுக்கே’ (முதலாளி) என்று கூப்பிட்ட ஆள். சில்லி சாஸ் போத்தல், சந்தோக். தேத்தண்ணிக் கிளாஸ்களெல்லாம் கொரியர்கள். கிளாஸ்கள் நகர நகர உப்பு டப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், சில்லி சாஸ் முன்னேறி வந்து ‘டக்’கென்று மோதும். தே சிந்தும். ஒருமுறை கடைப் பையன் மேசையைத் துடைக்க வந்து சில்லி சாஸை எடுத்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டான். “டேய், சந்தோக்க எங்கடா தூக்கிட்டுப் போற!” என்று ஒரு அங்கிள் போட்ட சத்தத்தில் ரொட்டி போடுகிறவர் மாவை வீசாமல் அப்படியே நின்றார். பையன் ராமநாதபுரம் பக்கம். அவனுக்கு சந்தோக்கும் தெரியாது, தென்கொரியாவும் தெரியாது. பாவம்.

அந்த ஆட்டத்தில் ஹசான் சானி தள்ளிக்கொடுத்து ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் மலேசியா 2-1 என்று ஜெயித்தது. சபாவிலிருந்து வந்த இருவர் அடித்த அந்தக் கோலை நாட்டில் பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பின்மேசைக்கு அது சுவாரசியமே இல்லை. “கோல் விழுந்துச்சு, சரி. அப்புறம் விசில் அடிக்கிற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு எவனாவது சொல்றானா?” என்று ஆரம்பிப்பார் ரயில்வே அங்கிள். கோலுக்குப் பிறகு எஞ்சியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைக் கோலைவிட நீளமாகச் சொல்வார். கொரியர்கள் எல்லோரும் மேலே ஏறி வந்ததை, சோ சின் ஆன் கையை நீட்டி ஆட்களை இடம் மாற்றி நிறுத்தியதை, சந்தோக் தலையால் முட்டித் தள்ளியதை. அவர் வாயால் கேட்கும்போது இன்னும் ஜெயிக்கவில்லை என்றே தோன்றும்.

அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததால் நாடே ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த இடம் வந்ததும் மேசை கொஞ்சம் அமைதியாகி, இன்னொரு தே சொல்வார்கள். கடைக்காரருக்கு இது தெரியும். அந்த நேரத்தில் சரியாக எட்டிப் பார்ப்பார்.

தற்காப்பு ஆட்டக்காரரை நினைவில் வைத்திருப்பது பெரிய வேலை என்பது இந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது. மொக்தார் நாட்டுக்காக அடித்தது 89 கோல் என்று ஃபிபா கணக்கு வைத்திருக்கிறது. சோ சின் ஆன் ஆடிய 195 அனைத்துலக ஆட்டங்களுக்கும் கணக்கு இருக்கிறது. சந்தோக் தடுத்து விழாமல் போன கோலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அதைப் பார்த்தவன் உயிரோடு இருந்து வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. இந்தப் பெரியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் மிகைப்படுத்திச் செய்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மிகை எங்கே வரும் என்றால், 1982இல். மாரடோனா போகா ஜூனியர்ஸ் குழுவோடு வந்து மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூர் அணிக்கு எதிராக ஆடினார், அது உண்மை. அவரை அன்று யார் எப்படி மறித்தார்கள் என்பதில் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக்கதை. ஒரு வாரம் மாரடோனா பயந்து பக்கம் மாறி ஆடினார், இன்னொரு வாரம் ஆட்டம் முடிந்து கட்டிப்பிடித்தார். நான் குறுக்கே பேசுவதில்லை. தே ஆறிப்போகும்.

என் மகன் இங்கிலீஷ் லீக் பார்த்து வளர்ந்தவன். ஒருநாள் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இந்த மாதிரி இப்ப ஆடுனா அரை மணி நேரத்துல சிவப்பு அட்டை தாத்தா” என்றான். நியாயமான பேச்சுதான். மஞ்சள், சிவப்பு அட்டைகளே 1970 உலகக் கிண்ணத்தில்தான் வந்தன. பின்னாலிருந்து காலை வாரினால் நேராக வெளியே என்ற கண்டிப்பு 1998 உலகக் கிண்ணத்தையொட்டித்தான் வந்தது. அதுவரை, பின்னால் ஆள் வரும் சத்தம் கேட்டால் முன்வரிசைக்காரன்தான் தன் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 1992 வரை கோல் காவலருக்குப் பந்தைத் திருப்பித் தட்டினால் அவர் கையிலேயே எடுத்துக்கொள்ளலாம். நெருக்கடி வந்தால் ஆறுமுகத்திடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம், இன்றைய ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. பையன் இதையெல்லாம் எடுத்துச் சொன்னான். தபால் அங்கிள் கிளாஸைக் கீழே வைத்தார். “தம்பி, சந்தோக் ஆளத் தொட மாட்டாரு. பந்தத்தான் எடுப்பாரு. ஆளு அங்க நின்னிருந்தா அது ஆளோட தப்பு.” இதற்கு என்ன பதில் சொல்வது? பையனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்கள். (உளுந்து வடை நன்றாகவே இருந்தது, மேலே எழுத விட்டுப்போயிற்று.)

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு வேலைக்குப் போவதும் ஒரு ஆட்டம் மாதிரிதான். நம் லீக் அரைத் தொழில்முறையானதே 1989இல். அதற்கு முன்னால் பகலெல்லாம் வேலை, சாயங்காலம் பயிற்சி. முந்தின ராத்திரி தென்கிழக்காசியாவின் முன்வரிசைகளை உருட்டியவர் மறுநாள் காலை மற்றவர்களைப் போல வேலைக்குக் கிளம்ப வேண்டும். அப்படி 1977, 1979 சீ விளையாட்டுகளில் (தென்கிழக்காசியப் போட்டிகள்) தங்கம், 1976லும் 79லும் மெர்டேக்கா கிண்ணம். ரயில்வே அங்கிள் இந்த வருடங்களை ரயில் நேரம் போல ஒப்பிப்பார்.

இனி என் புகார். சிலாங்கூர்க் காய்ச்சல் இந்தக் கடையில் அளவுக்கு மீறி இருக்கிறது. மாநில அணிகள் மோதிய மலேசியக் கிண்ணம் என்று பேச்சு எடுத்தாலே ஒருவர் விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார்: “71, 72, 73, 75, 76…” நான் அங்கேயே நிறுத்துவேன். “74 எங்க அங்கிள்?” 1974இல் பேராக்கை 2-1 என்று தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கியது பினாங்கு. எங்கள் தற்காப்பில் நமாட் அப்துல்லா. முன்னால் அவர் தம்பி ஷஹாருடின். அண்ணன் கோலைக் காப்பார், தம்பி கோல் அடிப்பார், ஒரே வீட்டில் இரண்டும். நமாட்டும் கரடுமுரடான ஆட்டக்காரர்தான், ஆனால் இந்த மேசையில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை தக்காளி சாஸ் அளவுக்குக்கூட இல்லை. “77ல என்ன ஆச்சு, அதயும் சொல்லு” என்று மடக்குவார்கள். 77 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 3-2 என்று தோற்றோம். சரி, தோற்றோம். சிலாங்கூர் அந்த இறுதியாட்டத்துக்கே வரவில்லை என்பதை நான் சொன்னதும் ஒருவருக்கு உடனே கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது.

எம். சந்திரனைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. சந்தோக்குக்கு முந்திய தலைமுறை, சிலாங்கூர்க்காரர், 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் பிள்ளை. அந்தப் பெயர் வந்தால் மேசையில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். மூனிக்கில் அமெரிக்காவை 3-0 என்று ஜெயித்தோம். அதை விலாவாரியாகச் சொல்வார்கள். மேற்கு ஜெர்மனி 3-0 என்று நம்மை ஜெயித்தது, “ஜெர்மனிகிட்ட மூணுதானே” என்று அதற்கும் ஒரு பெருமை. மொரோக்கோவிடம் ஆறு வாங்கியதைச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்பதில்லை, கேட்டால் தோசைக்கு அவர்களே காசு கொடுக்கும் பழக்கம் நின்றுவிடும்.

சுவரில் ஒரு குழுப்படம் இருக்கிறது. பத்திரிகையில் வெட்டியது, பிளாஸ்டிக் உறைக்குள். அடுப்புக்கு நேர் எதிரே மாட்டியிருப்பதால் எண்ணெய் படிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியவில்லை. பின்வரிசையில் நிற்பவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள். படத்தை இடம் மாற்றச் சொன்னேன். “பின்னால நிக்கறவங்க தெரியுறாங்கல்ல, போதும்” என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பின்மேசையில் அதற்குக் கைதட்டல் வேறு.

விலை: ரொட்டி, தே, ஒரு நாசி லெமாக் சேர்த்து ஏழெட்டு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியும். போனில் ஸ்கேன் செய்து கட்டலாம், லைன் இல்லாவிட்டால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை கடை இல்லை. ஞாயிறு 9 மணிக்குப் போனால் பின்மேசை நிறைந்திருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்தாலும் எல்லாம் கேட்கும். அந்த மேசையில் சில்லி சாஸ் இருக்காது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமாட் அப்துல்லாவைத் தெரிந்த பினாங்குக்காரர்கள் யாராவது வந்தால் தயவுசெய்து என் பக்கம் உட்காருங்கள், அங்கே நான் ஒருத்திதான்.