தூண்டில் நரம்பைச் சரிபாதியாகப் பிரிக்க: சுற்று எண்ணலாமா, எடை போடலாமா?

பவானிசாகருக்கோ ஆழியாறுக்கோ தூண்டிலோடு கிளம்பும் முன், 300 மீட்டர் நரம்பை இரண்டு ரீலுக்குப் பங்கிட வேண்டுமா?

இரண்டும் ஒரே மாடல், ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) இரண்டும் காலி என்றால் கைப்பிடிச் சுற்றை எண்ணினாலே போதுமுங்க. ரீல் வேறானால் கணக்கு உதைக்கும். ரீல் அட்டையில் ஒரு சுற்றுக்கு 70 செ.மீ. என்பது ஸ்பூல் நிறைந்திருக்கும்போதுதான். காலி ஸ்பூலின் விட்டம் சிறியது, அதனால் ஒரு சுற்றில் ஏறும் நீளமும் குறைவு. 214 சுற்று சுற்றினாலும் 150 மீட்டர் ஏறாது.

அப்போது எடைதான் நம்பகம். 0.30 மி.மீ. நைலான் 100 மீட்டர் ஏறக்குறைய 8 கிராம். ரீலுக்கு 150 மீட்டர் என்றால் 12 கிராம். ஸ்பூலைக் கழற்றி, சுற்றும் முன்னும் பின்னும் நிறுக்கணும். சமையலறைத் தராசில் 1 கிராம் பிசகினால் 12 மீட்டர் போச்சு. 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேணும். நரம்பை ஈரத்துணியால் பிடிக்காதீங்க, தண்ணியும் எடையில் சேர்ந்துக்கும்.