கேஸ்மென்ட்டா, ஸ்லைடிங்கா? பழைய வீவக வீட்டுக்கு ஜன்னல் மாற்றியவனின் அலசல்

சிங்கப்பூரின் ஈசூனில் 1980களில் கட்டப்பட்ட எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்களை அண்மையில் மொத்தமாக மாற்றினோம். கூடத்திலும் படுக்கையறைகளிலும் ஸ்லைடிங். சமையலறையில் ஒரு பகுதி மட்டும் கேஸ்மென்ட். கழிப்பறையில் இருந்த பழைய லூவர் கண்ணாடித் தகடுகளைக் கழற்றிவிட்டு, மேலே கீல் வைத்து அடிப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கும் சின்ன ஜன்னல். ஆக, நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். கேஸ்மென்ட் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். கேஸ்மென்ட் கதவு போல வெளிப்பக்கம் திறப்பது. ஜன்னல் முழுவதும் திறக்கும், காற்று தாராளமாக வரும். ஸ்லைடிங் பக்கவாட்டில் தள்ளித் திறப்பது; இரண்டு கண்ணாடி என்றால் பாதிதான் திறக்கும். மூன்று தடம் போட்டு மூன்று கண்ணாடி வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் கேஸ்மென்ட்டுக்கு விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னலுக்குக் கேள்வியே கிடையாது: போகிற வருகிறவர்கள் மேல் இடிக்கும்படி வெளியே திறப்பதை அங்கே வைக்கக் கூடாது. மறுவிற்பனை மதிப்பு? வீடு பார்க்க வருகிறவர்கள் எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம், எத்தனையாவது மாடி, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்றுதான் கேட்கிறார்கள். ஜன்னல் வகைக்காக யாரும் விலையைக் கூட்டித் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, அப்படியே வெளிச்சுவர்ப் பலகையையும் மாத்திடலாமே" என்றான். அங்கே மரச்சட்ட வீடுகளுக்கு வெளியே வினைல் பலகையைப் போர்த்தியிருப்பார்கள். ஜன்னலும் அதுவும் ஒரே செலவாக முடிந்துவிடும். இங்கே அடுக்குமாடியில் வெளிச்சுவர் நம் கையில் இல்லை. புளோக்குக்குச் சாயம் பூசுவது நகர மன்றத்தின் வேலை. ஜன்னலோ முழுக்க முழுக்க வீட்டுக்காரரின் பொறுப்பு. பழைய வீவக வீடுகளைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நம் புளோக்குக்கு வந்தால் பெயர்ந்த காங்கிரீட்டைச் சரிசெய்வார்கள், கழிப்பறையைப் புதுப்பிப்பார்கள், வாசல் கதவைக்கூட மாற்றித் தருவார்கள். ஜன்னல் அந்தப் பட்டியலில் வராது. தரைவீட்டில், அதாவது அடுக்குமாடி அல்லாத தனி வீட்டில், இருப்பவர்களுக்கு வெளிச்சுவரிலும் ஓரளவு கைவைக்கும் உரிமை உண்டு, அது வேறு கதை.

பொறுப்பு நம்முடையது என்று ஆன பிறகு, எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், பழுதாகப் போகிற பாகம் வீட்டுக்குள் இருந்தபடியே கண்ணில் படுமா, கைக்கு எட்டுமா என்பது.

கேஸ்மென்ட் ஜன்னலின் எடை முழுவதையும் தாங்குவது மேலும் கீழும் இருக்கும் மடங்கு கீல்கள். அந்தக் கீலைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை சில ரிவிட்டுகள் அல்லது திருகாணிகள், அவ்வளவுதான். பழைய வீடுகளில் இந்த ரிவிட்டுகள் அலுமினியத்தில் இருந்தன. எஃகுக் கீலும் அலுமினிய ரிவிட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் மழைநீரும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். வெள்ளையாக மாவு பூத்த மாதிரி வரும், அப்புறம் ரிவிட்டின் தலை தேய்ந்து துண்டாகும். ஒருநாள் யாரோ திறக்கும்போது கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து கீழே போகும். கீழே யார் நடந்துகொண்டிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இப்படி ஜன்னல்கள் விழுந்ததால்தான் 2004-இல் கட்டாய உத்தரவு வந்தது. கேஸ்மென்ட் வைத்திருப்பவர்கள் அலுமினிய ரிவிட்டுகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியோ ரிவிட்டோ போட வேண்டும். போடாவிட்டால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனிக்காமல் விட்ட ஜன்னல் விழுந்துவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இரண்டாவது தண்டனை ஸ்லைடிங் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும், அதை மறந்துவிட வேண்டாம்.

இன்று புதிதாகப் போடும் கேஸ்மென்ட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வரும், ஆகவே அந்தப் பழைய பயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் திருகாணி தளர்வது நிற்கவில்லை. ஆண்டுக்கு இருமுறையாவது ஜன்னலைச் சோதித்துப் பார்க்கும்படி வீவகவும் கட்டட, கட்டுமான ஆணையமும் சொல்கின்றன. கேஸ்மென்ட்டில் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது? மூடியிருக்கும்போது கீல் தெரியாது. முழுக்கத் திறந்து, கம்பித்தடுப்பையும் திறந்து, தலையை வெளியே நீட்டி மேல்கீலைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது மாடியில் எழுபது தாண்டிய அம்மாவை அதைச் செய்யச் சொல்ல முடியாது. நானே கொஞ்சம் தயங்குவேன்.

ஸ்லைடிங்கும் விழும். தடத்தை விட்டுக் கழன்றுபோனால் அதுவும் அதே உயரத்திலிருந்துதான் விழும். அதைத் தடுக்க இரண்டு பாகங்கள் உண்டு: கண்ணாடி எல்லையைத் தாண்டி ஓடாமல் நிறுத்தும் ஸ்டாப்பர், தடத்திலிருந்து மேலே எழும்பி வெளியேறாமல் பிடிக்கும் ஆங்கிள் ஸ்டிரிப் என்ற தகடு. பழைய ஸ்லைடிங் ஜன்னல்களில் இவை இல்லாமல் இருப்பதோ, ஸ்டாப்பர் உடைந்து போயிருப்பதோ உண்டு. ஆனால் இவற்றை அறைக்குள் நின்றபடியே பார்த்துவிடலாம். தடத்தில் தூசி சேர்ந்திருந்தால் வெக்யூம் போட்டு எடுக்கலாம். உருளை தேய்ந்தால் ஜன்னல் முரண்டு பிடித்து முன்கூட்டியே சொல்லிவிடும். நகர்த்தும்போதே கைக்குத் தெரியும். கேஸ்மென்ட் கீல் அப்படி அறிவிப்புக் கொடுப்பது குறைவு. பழைய ஜன்னலில் அரித்துப்போன ரிவிட்டோடு அது சுகமாகத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தது. பழையதைக் கழற்றிய ஊழியர் கையில் வைத்துக் காட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அடுத்தது, காற்றில் மூடுவது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடிவதற்கு முன் திடீரென்று சுமத்ரா பக்கமிருந்து புயல்காற்று அடிக்கும். அந்த நேரத்தில் திறந்து கிடக்கும் கேஸ்மென்ட்டைக் கம்பி வழியாகக் கைநீட்டி இழுக்க வேண்டும். காற்று எதிர்ப்பக்கம் இழுக்கும். "எட்டி இழுக்க என்னால முடியாதுப்பா" என்று அம்மா சொன்னதோடு கூடத்து ஜன்னல் விவாதம் முடிந்தது. ஸ்லைடிங்கை ஒரு விரலால் தள்ளிவிடலாம்.

கண்ணாடி துடைப்பதும் இதில் சேரும். வெளிப்பக்கக் கண்ணாடியைப் பணிப்பெண் துடைக்க வேண்டுமானால் கம்பித்தடுப்பு பூட்டியே இருக்க வேண்டும், வீட்டுக்காரர் சார்பில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2012 முதல் மனிதவள அமைச்சின் விதி. தரைத்தளத்துக்கும் பொது நடைபாதைப் பக்கத்துக்கும் மட்டும் விலக்கு. கம்பி பூட்டியிருக்க, வெளியே விரிந்து நிற்கும் கேஸ்மென்ட்டின் மறுபக்கத்தை எட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஸ்லைடிங்கில் கண்ணாடிகளை மாற்றி மாற்றி நகர்த்தி, கம்பி இடைவெளியில் நீளக் கைப்பிடித் துடைப்பானை விட்டுப் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். மூலைகள் மிஞ்சும். மிஞ்சட்டும்.

சரி, ஸ்லைடிங்கின் குறைக்கு வருவோம். பெரிய குறை மழைதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; சாய்ந்து அடிக்கும் மழை நேராகத் தடத்தில் வந்து நிற்கும். அந்த நீர் வெளியேற அடிச்சட்டத்தில் சின்னத் துளைகள் இருக்கும். துளை அடைத்திருந்தாலும், காற்று வெளியிலிருந்து பலமாகத் தள்ளினாலும், நீர் வெளியே போகாமல் தடத்தில் ஏறி உள்ளே வழியும். கேஸ்மென்ட் அப்படியில்லை. கைப்பிடியைத் திருப்பிப் பூட்டும்போது சட்டம் ரப்பர் விளிம்பை அழுத்தி மூடிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் புதிய ஜன்னல் வந்த பிறகும் ஒரு பலத்த மழையில் கூடத்து ஜன்னலோரம் துணி போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது. துளைகளைச் சுத்தம் செய்த பிறகு இல்லை. டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் பெய்யும் பருவமழையை இந்த ஜன்னல் எப்படித் தாங்கும் என்பதை இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சத்தம், புகைமூட்டம் இரண்டிலும் அதே காரணத்தால் கேஸ்மென்ட்டுக்கே மதிப்பெண் அதிகம். 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். அன்று எங்கள் பழைய கேஸ்மென்ட்டுகளை இறுக மூடி உட்கார்ந்திருந்தோம், ஓரளவு தாங்கியது. புதிய ஸ்லைடிங் வந்தபின் அப்படி ஒரு புகைமூட்டம் வரவில்லை, ஆகவே அனுபவத்தில் இருந்து சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் வீடு உள்சாலையைப் பார்த்தது, சத்தம் பெரிய தொல்லையாக இருந்ததே இல்லை. விரைவுச்சாலையையோ எம்ஆர்டி தடத்தையோ பார்த்த வீடாக இருந்து, உள்ளே திடமான ஆட்களும் இருந்தால், லாமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போட்ட கேஸ்மென்ட்டை நானே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை, விற்கிறவருக்கு அதில் லாபம் குறைவு என்பதால் இருக்கலாம். ஜன்னலை விட்டுவிட்டுக் கீல், திருகாணி, ரப்பர் விளிம்பு, சிலிக்கோன் ஆகியவற்றை மட்டும் மாற்றுவது. சட்டம் நேராக இருந்து கண்ணாடியும் நன்றாக இருந்தால் இதுவே போதும். செலவு மிகக் குறைவு. எங்களுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பூச்சு விட்டுப்போய் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிக்கொண்டிருந்தது. மேலே மேலே சிலிக்கோன் வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. பழைய சட்டத்தை அறுத்தெடுத்து, விளிம்பைப் பூசி, புதியதை வைத்த பிறகுதான் சுவர் காய்ந்தது. இதில் ஸ்லைடிங்குக்கோ கேஸ்மென்ட்டுக்கோ பெருமை இல்லை, கொத்தனார் வேலைக்குத்தான்.

சமையலறையில் மட்டும் ஏன் கேஸ்மென்ட்? வறுவல் நாளில் புகை போக வேண்டும், பாதி ஜன்னல் போதாது. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் என்பதால் கீழ்க்கீல் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது, மேல்கீலை நான் ஒரு சின்ன முக்காலியில் ஏறிப் பார்த்துவிடுவேன். துணி காயப்போடும் பக்கம் ஸ்லைடிங்தான். மூங்கில் கழியை வெளியே நீட்டும் இடத்தில் வெளியே விரியும் ஜன்னல் இருந்தால் ஒன்றோடொன்று மோதும். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி இருக்கும் ஜன்னலில் இன்னொன்றைக் கவனியுங்கள்: பழுதுபார்க்க வருகிறவர் நுழையும் அகலம் திறக்கிறதா? ஸ்லைடிங்கில் மூன்று கண்ணாடி போட்டால் ஒவ்வொன்றும் ஒல்லியாகிவிடும், ஆனால் மூன்று தடம் என்றால் இரண்டையும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். நாங்கள் அந்த ஒரு அறைக்கு மட்டும் மூன்று தடம் போட்டோம்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஜன்னல் குத்தகையாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அவரே விண்ணப்பிப்பார். உடைக்கும் சத்தம் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும், சனி ஞாயிறில் கூடாது என்பதால் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். கொட்டேஷனில் "ஜன்னல், முழு வீடு" என்று ஒரே வரி போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். ஸ்டாப்பரும் ஆங்கிள் ஸ்டிரிப்பும் எல்லாக் கண்ணாடிக்கும் உண்டா, கீல் திருகாணி எந்த உலோகம், பழைய சட்டம் முழுக்க எடுக்கப்படுமா, விளிம்புப் பூச்சு யார் பொறுப்பு, கம்பித்தடுப்பைக் கழற்றித் திரும்ப மாட்டுவதற்குத் தனிக் காசா என்று தனித்தனி வரியாக எழுதித்தரச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷனில் கம்பித்தடுப்பு வேலை சேர்க்கப்படவில்லை; கேட்ட பிறகுதான் தொகை ஏறியது.